எத்தனை பாயின்ட் பொருந்தினால் ஒரே விரல்? 8, 12, 16 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆய்வு_மாணவி:
வணக்கம். விரல்ரேகை ஒப்பீடு பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு புத்தகம் 8 நுண்கூறுகள் (ரேகைக்கோடு நிற்கும், பிரியும் இடங்கள்; 'பாயின்ட்' என்பதும் இவையே) ஒத்துப்போனால் போதும் என்கிறது. இன்னொன்று 12 என்கிறது. மூன்றாவது ஒன்று 16-ஐச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே "இப்போது எண்ணிக்கை வரம்பு இல்லை" என்கிறது. வரம்பே இல்லை என்றால் நிபுணர் எதை வைத்து "இது இவருடைய விரல்தான்" என்று கையெழுத்துப் போடுகிறார்? இந்த எண்களுக்குப் பின்னால் ஏதாவது அளவீடு இருக்கிறதா, அல்லது யாரோ எப்போதோ சொன்னதைத்தான் எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்களா?

நுண்நோக்கி:
கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் கிட்டத்தட்ட உண்மை.

12 என்ற எண்ணின் வேர் பிரெஞ்சுத் தடயவியல் முன்னோடி எட்மண்ட் லொக்கார்டு. 1914-ல் அவர் மூன்று படியாகச் சொன்னார். தெளிவான தடயத்தில் 12-க்கு மேல் பொருந்தினால் ஐயமில்லை. 8 முதல் 12 வரை என்றால் எல்லைக்கோடு. தடயத்தின் தெளிவு, வடிவம் எவ்வளவு அரிது, கோரும் (ரேகை வடிவத்தின் மையம்) டெல்டாவும் (கோடுகள் மூன்று பக்கமும் பிரியும் முக்கோண இடம்) தெரிகின்றனவா, வியர்வைத் துளைகள் தெரிகின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு, அதுவும் இன்னொரு நிபுணர் ஒத்துக்கொண்டால். அதற்கும் கீழே என்றால் உறுதி சொல்ல முடியாது. பிறகு வந்தவர்கள் நடுவில் இருந்த நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

16-ன் கதை இன்னும் வேடிக்கை. 1912-ல் பிரெஞ்சுக் காவல்துறையின் அடையாள நிபுணர் பெர்ட்டியோன் சில படங்களை வெளியிட்டார். வெவ்வேறு ஆட்களின் ரேகைகளில்கூட 16 இடங்கள் வரை ஒத்திருக்கலாம் என்று காட்டுவது போன்ற படங்கள். அதைப் பார்த்து மிரண்ட இங்கிலாந்து, பாதுகாப்பாக 16-ஐப் பிடித்துக்கொண்டது. 1953-ல் அதுவே நாடு முழுவதற்கும் பொது விதி ஆயிற்று. பல பத்தாண்டு கழித்து மூலப் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஒத்துப்போகாத பகுதிகள் தெரியாதபடி அவற்றில் கைவைத்திருந்தது தெரிந்தது. 2001-ல் இங்கிலாந்தும் வேல்ஸும் அந்த விதியைக் கைவிட்டன.

பன்னாட்டு அடையாளவியல் சங்கம் 1973-லேயே "குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்றை வைக்க அறிவியல் ஆதாரம் இல்லை" என்று தீர்மானம் போட்டாயிற்று. 1995-ல் இஸ்ரேலில் கூடிய நிபுணர்களும் ஏறத்தாழ அதையே அறிவித்தார்கள். ஆனாலும் பல நாடுகளில் 12 இன்னும் நிர்வாக விதியாக உயிரோடு இருக்கிறது. கணக்குப் போட எளிது, நீதிமன்றத்தில் சொல்லவும் எளிது.

குறுக்கு_விசாரணை:
ஒரு நிமிஷம். எண் வேண்டாம் என்று சொல்வது நிபுணருக்கு வசதியான விடுதலை ஆகிவிடாதா? முன்பு "12 காட்டு" என்று கேட்கலாம், அவரும் படத்தில் சிவப்புக் கோடு இழுத்துக் காட்டுவார். இப்போது "என் அனுபவத்தில் இது பொருந்துகிறது" என்கிறார். அனுபவத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. எண்ணிக்கை என்பது குறைந்தபட்சம் ஒரு வேலி. வேலியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் என்ன நட்டீர்கள்?

நுண்நோக்கி:
நியாயமான கேள்வி. ஆனால் அந்த வேலியில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்று பாருங்கள்.

ரேகைக்கோடு ஓரிடத்தில் நின்றுபோனால் 'முடிவு', இரண்டாகப் பிரிந்தால் 'கிளை'. எண்ணுகிற பாயின்ட்டுகளில் பெரும்பங்கு இவை இரண்டும்தான். விரலைக் கண்ணாடியில் லேசாக வைத்தால் ஒரு கோடு பக்கத்துக் கோட்டைத் தொடாமல் நின்றுவிடுகிறது. அதே விரலை அழுத்தி வைத்தால் கோடுகள் பருத்து, நடுப்பள்ளம் அடைபட்டு, நின்ற கோடு பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. முன்பு முடிவு, இப்போது கிளை. விரல் மாறவில்லை, அழுத்தம்தான் மாறியது. ரேகை தெரியத் தூவும் பவுடர் அதிகமானாலும் இதே கதை. ஆகவே மங்கலான தடயத்தில் "கிளையா, முடிவா" என்று தெரியாத 12 பாயின்ட்டைவிட, பளிச்சென்று தெரியும் 8 பாயின்ட் வலிமையானது. எல்லாப் பாயின்ட்டும் ஒரே எடை என்ற அனுமானத்திலேயே எண்ணிக்கை விதி தவறுகிறது. ஒரு சிறு தீவு, ஒரு குட்டைக் கோடு, கிளைபிரிந்த உடனே மீண்டும் கூடும் 'ஏரி' இவையெல்லாம் சாதாரண முடிவைவிட அரிது. அரிதானவை ஒன்றையொன்று ஒட்டி அமைந்தால் இன்னும் அரிது.

இன்னொன்று: பொருந்துவதை மட்டும் எண்ணும் பழக்கம். 14 பொருந்தி, விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு இருந்தால் அந்த 14-க்கும் மதிப்பு இல்லை. எண் விதி அந்த ஒன்றைப் பார்க்கச் சொல்வதில்லை.

வேலிக்குப் பதில் நட்டது என்ன என்று கேட்டீர்கள். வரிசைதான். பகுப்பாய்வு, ஒப்பீடு, மதிப்பீடு, சரிபார்ப்பு என்று எல்லாரும் நான்கையும் ஒப்பிப்பார்கள். முதல் படியை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குற்ற இடத்துத் தடயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேக நபரின் பதிவுரேகை மேசையிலும் இருக்கக்கூடாது, திரையிலும் இருக்கக்கூடாது. தடயத்தில் தெரிகிற ஒவ்வொரு நுண்கூறையும் குறிக்க வேண்டும். உறுதியாகத் தெரிவது ஒரு நிறம், ஐயமுள்ளது ஒரு நிறம், கோட்டின் ஓட்டம் மட்டும் தெரிவது மூன்றாவது நிறம். எங்கே இழுபட்டிருக்கிறது, எங்கே இரண்டு தொடுகை ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்று எழுத வேண்டும். ஒப்பிடத் தகுதியா என்ற முடிவையும் அப்போதே எழுதி, நேரம் போட்டு மூடிவிட வேண்டும். அதன் பிறகே பதிவுரேகையைத் திறப்பது.

ஒப்பிடும்போது ஓர் அடையாளக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். உதாரணமாக, கோரின் உச்சியிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது கோட்டில் மேல்நோக்கிப் பிரியும் கிளை. அந்தக் கிளையின் வெளிக்கையிலிருந்து இரண்டு கோடு தாண்டினால் கீழ்நோக்கி நிற்கும் முடிவு. அதற்கு நேர் கீழே இடைவெளியில் ஒரு புள்ளி. எது, எந்தத் திசையில், நடுவே எத்தனை கோடு என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு பொருத்தம். தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பது வீண் வேலை, தோல் இழுபடும். இடையில் இருக்கும் கோடுகளின் எண்ணிக்கை மாறாது.

பதிவுரேகையைப் பார்த்த பிறகு தடயத்தில் புதிதாக ஒரு பாயின்ட் "தெரிந்தால்" அதைச் சேர்க்கலாம், ஆனால் பிறகு சேர்த்தது என்று வேறு நிறத்தில் பதிய வேண்டும். நீங்கள் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியது "எத்தனை பாயின்ட்" அல்ல. "இதில் எத்தனையைப் பதிவுரேகையைப் பார்க்கும் முன்பே குறித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

டெல்டா_எண்ணி:
நுண்நோக்கி சார் கடைசி வரியில சொன்னதுக்கு உலகமே பார்த்த உதாரணம் மாட்ரிட் வழக்கு. தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா.

2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்பு. ஒரு வேனில் டெட்டனேட்டர் இருந்த பிளாஸ்டிக் பை கிடைச்சது, அதில் ஒரு ரேகை. ஸ்பெயின் அதை எஃப்.பி.ஐ-க்கு அனுப்பினாங்க. அங்கே கணினித் தேடல் 20 பேர் கொண்ட பட்டியலைக் கொடுத்தது. நாலாவது இடத்தில் ஒரிகன் மாநில வழக்கறிஞர் ஒருத்தர். மூணு நிபுணர்கள் அவரோடதுதான்னு சொன்னாங்க. நீதிமன்றம் நியமிச்ச நாலாவது நிபுணரும் ஆமான்னார். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரல்லயே பொருந்தலைன்னு எழுதியும் கேட்கலை. மே மாசம் அந்த ரேகை ஓர் அல்ஜீரியரோடதுன்னு ஸ்பெயின் கண்டுபிடிச்ச பிறகுதான் வழக்கறிஞரை விட்டாங்க.

எஃப்.பி.ஐ பொருத்தினது 15 பாயின்ட். கவனிங்க, 12 விதி இருந்திருந்தாலும் அது தாண்டியிருக்கும். பின்னாடி நடந்த விசாரணை சொன்ன காரணங்களில் ரெண்டு முக்கியம். ஒண்ணு, முதல்ல பத்துப் பாயின்ட் நிஜமாவே ரொம்ப நெருக்கமா இருந்தது; அதைப் பார்த்த பிறகு மிச்சத்தைத் தெரிஞ்ச ரேகையிலிருந்து தெரியாத ரேகைக்குப் பின்னோக்கிப் படிச்சாங்க. தெளிவில்லாத இடத்தில் எதிர்பார்த்தது தெரிஞ்சது. ரெண்டு, தடயத்தோட மேல் இடப்பக்கம் மொத்தமும் பொருந்தலை. "அது வேற விரல் தொட்டது"ன்னு ஒரு விளக்கம் கொடுத்து ஒதுக்கிட்டாங்க. ஆனா ரெண்டு தொடுகைன்னா நடுவில் கோடுகள் முறியணும், குறுக்கே வெட்டணும், அழுத்தம் மாறணும். அதுக்கான அறிகுறியே அங்கே இல்லை.

இதில் கணினியோட பங்கும் உண்டு. மென்பொருள் ஒவ்வொரு நுண்கூறுக்கும் இடம், கோணம் ரெண்டையும் எடுத்து, கோடிக்கணக்கான ரேகைகளில் மிக ஒத்ததை வரிசைப்படுத்திக் கொடுக்குது. அதாவது வேற ஆளோடதா இருந்தாலும் *மிக ஒத்ததைத்* தேடிக் கொண்டுவந்து நிறுத்துறதுதான் அதோட வேலை. ரேகைக் கிடங்கு பெருசாகப் பெருசாக, தப்பான ஆளோட ரேகை அச்சு அசலா வந்து நிக்கிற வாய்ப்பும் கூடும். முதலிடம், அதிக ஸ்கோர் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்ள மட்டும்தான் அர்த்தம். பட்டியலில் சரியான ஆளே இல்லாம இருக்கலாம், அப்பவும் ஒருத்தர் முதலிடத்தில் இருக்கத்தான் செய்வார்.

ஆய்வு_மாணவி:
மிக்க நன்றி. இப்போதுதான் பிடிபடுகிறது. நடைமுறைக் கேள்வி ஒன்று. பயிற்சிக்கு ஒரு பொதி கொடுத்திருக்கிறார்கள்: மழையில் நனைந்த காகித உறை, அதை மூடி ஒட்டிய பழுப்பு டேப், உள்ளே வெப்பத்தாளில் அச்சான ஒரு ரசீது, ஒரு பாலிதீன் பை. எந்த வரிசையில் தொடங்குவது? எல்லாவற்றையும் முதலில் சூப்பர்குளூ ஆவி பிடிக்கும் பெட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

பவுடர்_பிரஷ்:
வேண்டாம்! காகிதத்தைக் குளூ பெட்டிக்குள் வெச்சா அதில் ஒண்ணும் வராது, அடுத்து செய்ய வேண்டியதையும் கெடுக்கும். நாலு பொருளும் நாலு வழி. எதைத் தொடுறதுக்கும் முன்னாடி வெறும் கண்ணால், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, அளவுகோல் வெச்சுப் படம் எடுத்துடுங்க. டிஎன்ஏ எடுக்கணுமான்னும் அப்பவே முடிவு பண்ணுங்க. பிரஷ் ஒரு பொருளிலிருந்து இன்னொண்ணுக்கு டிஎன்ஏவைக் கடத்திடும்.

நனைந்த உறை. விரலில் வர்றது ரெண்டு வகை: வியர்வையில் வரும் அமினோ அமிலம், உப்பு, முகம், தலைமுடி தொட்டதால் ஒட்டுற எண்ணெய்ப்பசை. தண்ணீர் பட்டதும் அமினோ அமிலம் போயிடும். அதனால நின்ஹைட்ரின், டிஎஃப்ஓ, இன்டேன்டையோன் மூணுமே வீண், மூணும் அமினோ அமிலத்தைத்தான் பிடிக்கும். காகிதத்தை அறை வெப்பத்திலேயே காய வைங்க, ஹீட்டர் வேண்டாம். பிறகு எண்ணெய்ப்பசையைப் பிடிக்கிற முறை: ஆயில் ரெட் ஓ சாயம், அதுக்கப்புறம் பிசிக்கல் டெவலப்பர் (வெள்ளிக் கரைசல்).

பிசிக்கல் டெவலப்பரில் எல்லாரும் சறுக்குற இடம் முதல் தொட்டிதான். காகிதத்தில் நிரப்பியா கால்சியம் கார்பனேட் இருக்கும். அதை விட்டுட்டு நேரா வெள்ளிக் கரைசலில் போட்டா காகிதம் முழுக்கக் கறுத்துப் போகும். அதனால முதல்ல மேலிக் அமிலம், லிட்டருக்கு 25 கிராம். காகிதம் உள்ளே போனதும் பொடிப்பொடியாக் குமிழி வரும். அதான் கார்பனேட் கரையுற அறிகுறி. குமிழி நிக்கிற வரைக்கும் காத்திருங்க, கடிகாரத்தைப் பார்க்காதீங்க. அப்புறம் வெள்ளிக் கரைசலில் 10 முதல் 20 நிமிஷம், தொட்டியை மெல்ல ஆட்டிக்கிட்டே, கோடு சாம்பல் நிறத்தில் எழும்புறதைப் பார்த்து நிறுத்தணும். உலோக இடுக்கி கூடவே கூடாது, பிளாஸ்டிக்தான். கீறல் விழுந்த தொட்டின்னா வெள்ளி கீறலிலேயே படிஞ்சு கரைசல் வீணாகும். கடைசியா நல்ல தண்ணீரில் பலமுறை அலசல்.

உறை நனையாம இருந்திருந்தா வரிசை வேற: இன்டேன்டையோன் அல்லது டிஎஃப்ஓ, பிறகு நின்ஹைட்ரின், கடைசியில்தான் பிசிக்கல் டெவலப்பர். டிஎஃப்ஓவுக்கு 100 டிகிரியில் 20 நிமிஷம். பச்சை வெளிச்சம் காட்டி ஆரஞ்சு வடிகட்டி வழியா பார்க்கணும். நின்ஹைட்ரினுக்கு 80 டிகிரி, ஈரப்பதம் 62 சதவீதம் பக்கம். அவசரத்துக்கு நீராவி இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவங்க இருக்காங்க. ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தா ஊதா நிறம் மையாட்டம் பரவிடும். நேரம் இருந்தா இருட்டில் அறை வெப்பத்தில் ரெண்டு நாள் விட்டாலே போதும், பின்னணி சுத்தமா இருக்கும்.

ரசீது. இது தனி ரகம். வெப்பத்தாளோட மேல்பூச்சு சூடு பட்டாலும் கறுக்கும், ஆல்கஹால், அசிட்டோன் மாதிரி கரைப்பான் பட்டாலும் கறுக்கும். சாதாரண நின்ஹைட்ரின் கரைசலில் முக்கினா அடுத்த நொடி கறுப்புத் தாள்தான் கையில் இருக்கும். ரெண்டு வழி: பூச்சைத் தாக்காத ஃப்ளூரின் கரைப்பானில் தயாரிச்ச கரைசல், இல்லேன்னா எத்தனாலில் முக்கி அந்தப் பூச்சையே முழுசாக் கழுவி எடுத்துட்டு நின்ஹைட்ரின். அமினோ அமிலம் எத்தனாலில் அவ்வளவா கரையாது, அதனால ரேகை நிக்கும். ஆனா அச்சான எழுத்து மொத்தமும் போயிடும். ரசீதில் இருக்கிற தேதி, நேரமே சாட்சியமா இருக்கலாம், முதல்ல படம் எடுங்க.

டேப். ஒட்டுற பக்கத்துக்குப் பவுடர் கரைசல். பழுப்பு டேப் கொஞ்சம் வெளிர்ன்னா இரும்பு ஆக்சைடு கறுப்புக் கரைசல், கறுப்பு டேப்புன்னா டைட்டானியம் டையாக்சைடு வெள்ளை. கூழ் மாதிரி கலந்து மென்மையான பிரஷ்ஷால் தடவி, 10 முதல் 15 நொடி விட்டு, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டுக் கழுவுங்க. முன்னாடி டேப் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. சில பசை தண்ணீரிலேயே கரையும், அதுக்கு இது ஆகாது. உறையிலிருந்து உரிக்கும்போது காகிதநார் ஒட்டிக்கிட்டு வந்தா அந்த இடம் போச்சு. இழுக்காம குளிர வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா உரிக்கணும்.

பாலிதீன் பைக்கு மட்டும்தான் உங்க சூப்பர்குளூ.

நீலஒளி:
பவுடர்_பிரஷ் சொன்னதெல்லாம் சரி. பையைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார், அங்கேதான் மாணவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள்.

சயனோஅக்ரிலேட் (சூப்பர்குளூ) ஆவி ரேகையில் உள்ள ஈரத்திலும் உப்பிலும் பற்றிப் படிந்து வெள்ளை இழையாக வளர்கிறது. அந்த இழை நன்றாக வளர ஈரப்பதம் 80 சதவீதம் வேண்டும். ஈரம் குறைந்தால் இழை வளராமல் தட்டையாக, ஒளி பட்டும் தெரியாத படலமாக நிற்கும். மிகுந்தால் பின்னணியிலும் படியும். குளூவை 120 டிகிரி தட்டில் சூடாக்கினால் போதுமானது. சீக்கிரம் முடிய வேண்டும் என்று 200-ஐத் தாண்டினால் ஹைட்ரஜன் சயனைடு வரலாம், விளையாட்டில்லை.

எப்போது நிறுத்துவது? பெட்டிக்குள் ஒரு கறுப்புத் தகட்டில் புதிதாக விரல் வைத்துத் தொங்கவிடுவார்கள். தகட்டு ரேகை பளிச்சென்று வெண்மையாகும் வரை விட்டால் பையில் இருப்பது ஏற்கெனவே கெட்டிருக்கும். தகட்டில் லேசாகத் தெரியத் தொடங்கியதுமே நிறுத்திவிட வேண்டும். குறைவாகப் படிந்தால் மறுபடி வைக்கலாம். கூடுதலாகப் படிந்தால் பள்ளமெல்லாம் நிரம்பி ஒரே வெள்ளை, திருத்த வழியில்லை.

குளூவுக்குப் பிறகு சாயம். பேசிக் யெல்லோ 40 என்றால் 1 லிட்டர் எத்தனாலில் 2 கிராம், ஒரு நிமிடம் முக்கி, தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஊதாநீல வெளிச்சத்தில் மஞ்சள் வடிகட்டி வழியாகப் பார்க்க வேண்டும். சாயம் போடும் முன்பே தெரிகிற ரேகையைப் படமெடுத்துவிடுங்கள். பையின் அச்சு மை எத்தனாலில் கரைந்து ரேகைமேல் ஓடுவதுண்டு.

பையில் பழுப்பாக ஏதாவது இருந்து, இரத்தமாக இருக்கலாம் என்று ஐயம் வந்தால் குளூவைத் தொடாதீர்கள். குளூ மூடிவிட்டால் இரத்தச் சாயம் சரியாக ஏறாது. முதலில் 2 சதவீத சல்போசாலிசிலிக் அமிலத்தில் 5 நிமிடமாவது இரத்தத்தை நிலைநிறுத்தி, பிறகுதான் அமிடோ பிளாக் மாதிரியான புரதச் சாயம். நிலைநிறுத்தாமல் சாயம் போட்டால் ரேகை கரைந்து சாயத் தொட்டிக்குள் போய்விடும்.

பவுடர்_பிரஷ்:
ஒத்துக்கிறேன், பையை அவசரமா முடிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன்: மெல்லிசான பாலிதீனுக்கு வெற்றிட உலோகப் படிவு வசதி இருந்தா அது குளூவை மிஞ்சும். தங்கம் முதல்ல, பிறகு துத்தநாகம். துத்தநாகம் தங்கத்துகள் மேல்தான் ஒட்டும். ரேகை இருக்கிற இடத்தில் தங்கம் பசைக்குள் அமுங்கிப்போறதால அங்கே துத்தநாகம் படியாது, கோடு வெளியே தெரியும்.

குறுக்கு_விசாரணை:
வேதியியல் போதும், எண்களுக்குத் திரும்பலாமா? எல்லாம் முறைப்படி செய்தாலும் நிபுணர் எவ்வளவு தவறுகிறார் என்பதற்கு அளவு உண்டா? இன்னொரு கேள்வி: ரேகை எப்போது விழுந்தது என்று சொல்ல முடியுமா? "சம்பவத்தன்று தொட்டது" என்று அறிக்கையில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

நுண்நோக்கி:
இரண்டாவதற்கு உடனே பதில்: முடியாது. வெயில், ஈரம், தூசி, பரப்பு, அந்த ஆளின் வியர்வை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். இன்று விழுந்த ரேகை நாளையே மங்கலாம், காகிதத்தில் விழுந்தது ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். பரப்பு எப்போது துடைக்கப்பட்டது, பொருள் எப்போது அந்த இடத்துக்கு வந்தது என்பது மாதிரி வெளிச் செய்திகளால்தான் காலத்தைக் குறுக்க முடியும். நிபுணர் அறிக்கையில் நாள் எழுதினால் அது அறிவியல் அல்ல, அதை நீங்கள் தாராளமாகக் கிழிக்கலாம்.

முதல் கேள்விக்கு, 2011-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய சோதனை இருக்கிறது. 169 நிபுணர்கள், 744 இணைகள், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 100. விடை சோதனை நடத்தியவர்களுக்கு மட்டும் தெரியும். வேறு ஆளின் ரேகையைப் பொருந்துகிறது என்று சொன்னது 0.1 சதவீதம். ஒரே ஆளின் ரேகையை இல்லை என்று ஒதுக்கியது 7.5 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை யாரும் பேசுவதில்லை; ஆனால் நிரபராதிக்குச் சாதகமாக எதிர்த்தரப்பு நிபுணர் "இது என் கட்சிக்காரர் இல்லை" என்று சொல்லும்போதும், பதிவில் ஆள் இல்லை என்று வழக்கை மூடும்போதும் அதுதான் பொருந்தும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: தவறான பொருத்தம் சொன்ன எந்த இணையிலும் இரண்டு நிபுணர்கள் சேர்ந்து தவறவில்லை. அதாவது, சரிபார்ப்பவர் முதல் ஆளின் முடிவை அறியாமல் தானாகப் பார்த்தால் தவறு பிடிபட வாய்ப்பு அதிகம். முதல் ஆளின் குறிகள் போட்ட படத்தையே கையில் கொடுத்து "சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பே அல்ல. மாட்ரிட்டில் அடுத்தடுத்து வந்தவர்கள் அனைவருக்கும் முன்னவர் முடிவு தெரிந்திருந்தது.

2006-ல் இன்னொரு சோதனையில் ஐந்து நிபுணர்களுக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன இணையை, மாட்ரிட் வழக்கின் தவறான இணை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பேர் முடிவை மாற்றினார்கள். ஐந்து பேர் என்பது சிறிய எண், அதை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். வழக்குச் செய்தி ஒப்பீட்டு மேசைக்கு வரவே கூடாது என்பதற்கு இது போதும்.

டெல்டா_எண்ணி:
ஆய்வு_மாணவி, உங்க பயிற்சிப் பொதியில் இன்னொரு கண்ணி இருக்கு. டேப்பும் பையும் ஒளி ஊடுருவும். டேப்பை எந்தப் பக்கத்திலிருந்து படமெடுத்தீங்கன்னு எழுதலைன்னா இடம் வலம் மாறிடும். ஒட்டுற பக்கத்தை நேராப் பார்த்தா ரேகை மசிப்பதிவு (விரலில் மை தடவி எடுத்த பதிவு) மாதிரியே இருக்கும். பின்பக்கம் வழியாப் பார்த்தா கண்ணாடி பிம்பம். கறுப்பு ஜெலட்டின் தாளில் ஒட்டி எடுத்தாலும் பிம்பம்தான். ஒளி ஊடுருவும் டேப்பில் எடுத்து அட்டையில் ஒட்டினதுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பிம்பத்தை அப்படியே கணினியில் ஏற்றினா வலது லூப் (வளைந்து வந்த பக்கமே திரும்பும் ரேகை வடிவம்) இடது லூப்பாப் போகும், தேடலில் ஒருத்தரும் சிக்க மாட்டாங்க, "பதிவில் இல்லை"ன்னு எழுதி மூடிடுவாங்க.

அதைவிட நுணுக்கமானது நிறம் தலைகீழாகிறது. மசிப்பதிவில் கோடு கறுப்பு, பள்ளம் வெள்ளை. அலுமினியம் பவுடர், குளூ, சாயம் எல்லாத்திலும் கோடு வெளிர். அதை மாற்றாம ஒப்பிட்டா பள்ளத்தைக் கோடுன்னு படிப்பீங்க. அப்போ என்ன ஆகும்? ஒரு கோடு ரெண்டாப் பிரியுற இடத்தில், நடுவில் ஒரு பள்ளம் தொடங்குது. அந்தப் பள்ளத்தைக் கோடுன்னு நினைச்சா அது முடிவு. அதே மாதிரி எல்லா முடிவும் கிளையாகும். ஓட்டம் அப்படியே இருக்கும், லூப் லூப்பாவே இருக்கும், ஆனா ஒரு பாயின்ட்டும் பொருந்தாது. அவசரத்தில் இருக்கிறவர் வேற ஆள்னு எழுதிடுவார்.

ஆய்வு_மாணவி:
படத்தை மட்டும் கொடுத்து, என்ன முறையில் எடுத்தது என்று சொல்லாவிட்டால் எது கோடு எது பள்ளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டெல்டா_எண்ணி:
துளையைத் தேடுங்க. வியர்வைத் துளை கோட்டோட முதுகில்தான் இருக்கும், பள்ளத்தில் இருக்காது. கறுப்புக் கோட்டுக்கு நடுவில் வரிசையா வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா நிறம் சரி. வெள்ளைக் கோட்டுக்குள்ள கறுப்புப் புள்ளி வரிசை தெரிஞ்சா திருப்பிப் போடுங்க. இதுக்கு 500 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 500 பிக்சல்) பத்தாது. ஒரு கோடும் ஒரு பள்ளமும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் அளவு, 500-ல் அதுக்குக் கிடைக்கிறது பத்துப் பிக்சல்தான், துளை ஒண்ணோ ரெண்டோ பிக்சலில் கரைஞ்சு போகும். 1000 பிபிஐயில், கேமரா பரப்புக்கு நேர் செங்குத்தா, அளவுகோல் ரேகை இருக்கிற அதே தளத்தில் வெச்சு எடுங்க. துளை தெரியாத மங்கல் படம்னா, ரெண்டு நிறத்திலும் தனித்தனியாத் தேடல் போட்டு, அப்படிப் போட்டதையும் குறிப்பில் எழுதிடுங்க.